ஓய்வுப் பணம் 62 லட்சம்: ஆலோசகர் வேண்டுமா, நானே பார்த்துக்கொள்ளலாமா?

பொருநைக்கரை:
அடுத்த மாதம் 58 முடிந்து தனியார் கம்பெனியிலிருந்து ஓய்வு. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 62 லட்சம் வரும். வீட்டுச் செலவு மாதம் 38,000, இ.பி.எஸ். பென்ஷன் 4,000. கடன் இல்லை. மனைவிக்கு 55 வயது. ஒரு ஆலோசகர் வருஷத்துக்கு 1% கேட்கிறார், இன்னொருவர் ஒரே தடவை 25,000 போதும் என்கிறார். வங்கியில் "ஃபீஸே வேண்டாம் சார், நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். எது சரி?

கணக்குப்பிள்ளை:
ஃபீஸ் வேண்டாம் என்பவருக்கும் கூலி உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது. ஏ.ஆர்.என். எண் வைத்திருப்பவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். அவர் போட்டுத் தருவது ரெகுலர் பிளான். அதன் செலவு விகிதத்துக்குள்ளேயே அவருடைய கமிஷன் அடங்கியிருக்கும். இடையில் ஆள் இல்லாமல் நேரடியாக வாங்கும் அதே ஃபண்டின் டைரக்ட் பிளானைவிட 0.8% கூடுதல் என்று வைத்தால், 20 லட்சத்துக்கு வருஷம் 16,000. நீங்கள் ஃபண்டை வைத்திருக்கும் வரை அது போய்க்கொண்டே இருக்கும். வங்கியில் இன்னொரு ஆபத்து, முதலீடு என்ற பேரில் இன்ஷூரன்ஸைத் தள்ளிவிடுவது. முதலீடும் இன்ஷூரன்ஸும் கலந்த யூலிப் என்றால் 5 வருஷம் பணத்தைத் தொட முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டாலும், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம்.

ஆலோசகர் என்றால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு இருக்க வேண்டும். அந்த எண் 'ஐ.என்.ஏ.' என்று தொடங்கும். செபி தளத்தில் இருக்கும் பட்டியலில் பேரையும் எண்ணையும் நீங்களே சரிபாருங்கள், விசிட்டிங் கார்டை நம்ப வேண்டாம். அவர் உங்கள் குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லி, விற்றுக் கமிஷனும் வாங்கக் கூடாது.

1% என்பது 62,000. ஜி.எஸ்.டி.யோடு 73,160, அதுவும் வருஷா வருஷம். உங்கள் பணத்தில் பெரும்பகுதி தபால் நிலையத்தில் உட்காரப் போகிறது. அதைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் 1% தரவேண்டியதில்லை.

ஏரிக்கரை:
முதல் 45 லட்சத்துக்கு ஆலோசகரே தேவையில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போடுங்கள். 60 ஆகவில்லையே என்று யோசிக்க வேண்டாம். ஓய்வு பெற்றவர் 55 வயதிலிருந்தே சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கெடுவில்தான். கம்பெனியிடம் ஓய்வுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 8.2%, காலாண்டுக்கு 61,500. அடுத்து மனைவியோடு கூட்டாகத் தபால் நிலைய மாதாந்திர வருமானத் திட்டத்தில் 15 லட்சம்: 7.4%, மாதம் 9,250. இரண்டும் சேர்ந்து மாதம் 29,750, பென்ஷனோடு 33,750.

வட்டி தரும்போதே டி.டி.எஸ். என்று வரியைப் பிடிப்பார்கள். புதிய வரிமுறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்பதால், ரிட்டர்ன் போட்டால் திரும்ப வந்துவிடும்.

மீதி 17 லட்சத்தில் 5 லட்சத்தை மருத்துவ அவசரத்துக்கு எஃப்.டி.யில் வையுங்கள். மாதம் விழும் 4,250 துண்டையும் இப்போதைக்கு அதிலிருந்தே எடுக்கலாம். 12 லட்சம், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் பிளானுக்கு, ஒரே நாளில் போடாமல் ஒன்றரை வருஷத்தில் பிரித்து. சந்தை விழுந்த வருஷத்தில் அதை விற்றுச் சாப்பிடக் கூடாது. சொந்தமாகப் பார்ப்பவர்கள் தோற்பது ஃபண்டைத் தேர்வதில் இல்லை, இங்கேதான்.

பொருநைக்கரை:
ரொம்ப நன்றி. ஆனால் விலைவாசி ஏறுமே? என் மனைவி இந்தக் கணக்கு எதையும் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த 25,000க்கு வேலை இங்கேதான் இருக்கிறது. விலைவாசி 6% ஏறினால் 38,000 செலவு 12 வருஷத்தில் 76,000 ஆகிவிடும். தபால் நிலைய வட்டி கூடவே ஏறாது. ஒரு கட்டத்தில் அசலையும் எடுக்க வேண்டி வரும். எந்த வருஷம், எதிலிருந்து, எவ்வளவு என்று வருஷவாரியாகப் போட்ட அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு 85 வரை போட்டால் பத்தாது, மனைவிக்கு 90 ஆகும் வரை, அதாவது 35 வருஷத்துக்குப் போட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு பணம் கொடுங்கள். ஓ.டி.பி., பாஸ்வேர்டு யாருக்கும் கிடையாது. முதலீட்டுக்கான செக் ஃபண்ட் நிறுவனத்தின் பேரில் மட்டும். "மாதம் 2% நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆலோசகரைச் சந்திக்கும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள், கேள்விகளை அவரும் கேட்கட்டும்.

ஏரிக்கரை:
மூத்த குடிமக்கள் கணக்கைத் தொடங்கும்போதே மனைவியைக் கூட்டாளியாகச் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால், அந்த நேரத்தில் இந்தத் திட்டத்தில் சேரும் வயதுத் தகுதி அவருக்கும் இருந்தால்தான் கணக்கை மூடாமல் முதிர்வு வரை தொடர முடியும்; இல்லையென்றால் கணக்கை மூடிப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஃபண்ட் கணக்குகளிலும் (ஃபோலியோ) இருவர் பேரும் இருக்கட்டும், 'இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்' என்ற முறையில்.