ஃப்யூல் செல் உள்ள இருக்கற மெட்டீரியல் யாரு செய்றாங்க?

கொருக்குப்பேட்டை_டிப்ளமோ:
நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில 2025 ஜூலைல ஹைட்ரஜன் கோச் டெஸ்ட் பண்ணாங்கல்ல, அதுலேர்ந்து ஃப்யூல் செல் (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேத்து கரண்ட் எடுக்கற செட்) பத்தி படிச்சிட்டிருக்கேன், எல்லாரும் ரயில், கார்னே பேசுறாங்க, உள்ள இருக்கற மெட்டீரியல் யாரு பண்றாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணா

மணலி_ஆபரேட்டர்:
தம்பி, அதுக்கு உயிரே மெம்பிரேன்தான், நடுவுல இருக்கற மெல்லிசான பாலிமர் ஷீட். ஹைட்ரஜன்லேர்ந்து பிரியற புரோட்டானை மட்டும் உள்ள விடும், எலக்ட்ரான் வெளிய வயர்ல சுத்திதான் போயாகணும், அதான் கரண்ட். 1960கள்ல டூபான்ட் கம்பெனி கண்டுபுடிச்ச நாஃபியான்தான் இதுக்கெல்லாம் மூத்தது, டெஃப்லான் மாதிரி பாலிமர்ல சல்ஃபோனிக் ஆசிட் கோத்திருப்பாங்க. நான் காஸ்டிக் சோடா பிளான்ட்ல இருந்தவன், அங்க மெம்பிரேன் செல்லுலயும் இந்தக் குடும்பத்து ஷீட்தான், அதனால நம்ம ஏரியா பசங்களுக்கு இது ஒண்ணும் அன்னியமில்ல

ராயபுரம்_மெக்:
கோர்-டெக்ஸ் ரெயின்கோட் துணி செய்ற கோர் கம்பெனியையும் பாரு. டெஃப்லானை இழுத்து வலை மாதிரி ஆக்கி உள்ள வெச்சு மெம்பிரேனை ரொம்ப மெல்லிசா பண்ணாங்க, மெல்லிசா இருந்தா ரெசிஸ்டன்ஸ் கம்மி, கிழியவும் கிழியாது. 2014ல வந்த டொயோட்டா மிராய் ஹைட்ரஜன் கார்ல அதுதான் போட்டாங்க

கொருக்குப்பேட்டை_டிப்ளமோ:
சூப்பர்ணா, அப்போ பாலிமர் பக்கமே புராஜெக்ட் எடுக்கறேன். ரியாக்‌ஷன் வேகமா நடக்க உள்ள போடற பிளாட்டினம் பத்தியும் யாராச்சும் எழுதுங்க