40 லென்ஸ் மட்டும் மங்கல்: பிசிறு உதிராத துணியால் துடைத்தும் தெளியவில்லை

லேப் அக்கா:

வணக்கம். வேதாரண்யம் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்களிடம் இருப்பது இரண்டு கண்ணாலும் பார்க்கும் சாதாரண நுண்ணோக்கி. 4, 10, 40, 100 மடங்கு என்று நான்கு அப்ஜெக்டிவ் (ஸ்லைடை நோக்கி இருக்கும் லென்ஸ்). காலையில் சிறுநீர், ரத்தம். மதியத்துக்கு மேல் சளி ஸ்லைடு.

40-இல் எதை வைத்தாலும் மூடுபனிக்குள் பார்ப்பது போலத் தெரிகிறது. 100-இல் எண்ணெய் விட்டுப் பார்த்தால் காசநோய்க் கிருமி பளிச்சென்று இருக்கிறது. ஆகவே விளக்கிலோ, அதன் ஒளியை ஸ்லைடில் குவிக்கும் கண்டென்சரிலோ குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

லென்ஸ் பேப்பர் தீர்ந்துவிட்டதால் பாலியெஸ்டர் துடைப்புத் துணி ஒரு பொட்டலம் வாங்கினோம். உறையில் 'பிசிறு உதிராதது' என்று போட்டிருக்கிறது. ஒன்பது அங்குலச் சதுரம். ஒரு லென்ஸுக்கு அவ்வளவு எதற்கு என்று கத்தரித்துச் சிறு துண்டுகளாக வைத்திருக்கிறோம். துடைத்த பிறகு பார்த்தால் மெல்லிய நூல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கோடு கோடாக நிற்கிறது. உடன் வேலை பார்க்கும் பெரியவர் சைலீன் என்ற கரைப்பானைப் போடச் சொல்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எந்தத் துணி, எந்தத் திரவம், ஏன் 40 மட்டும் இப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருகாணி:

அக்கா என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்கு மகள் வயதிருக்கும், அம்மா என்றே கூப்பிடுகிறேன். கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நுண்ணோக்கி பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். "40 மட்டும் மங்கல்" என்று யார் சொன்னாலும், கருவியைப் பார்க்காமலேயே காரணத்தைச் சொல்லிவிடலாம். எண்ணெய்.

100-இல் பார்த்து முடித்தவுடன், ஸ்லைடில் எண்ணெய் இருக்கும்போதே, "இன்னொரு முறை 40-இல் பார்ப்போம்" என்று யாரோ திருப்பியிருக்கிறார்கள். 40-இன் முகத்துக்கும் ஸ்லைடுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. எண்ணெய்த் துளியின் உயரம் அதற்கு மேல். லென்ஸ் அதில் முகம் கழுவிக்கொண்டு வந்துவிடும். 100 எண்ணெயில் முங்குவதற்காகவே செய்யப்பட்டது. அதற்கு ஒன்றும் ஆகாது. 40 காற்றில் பார்க்கும் லென்ஸ். அதன் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் பனிதான்.

துடைத்தும் ஏன் போகவில்லை? பெரும்பாலான 40 லென்ஸ்களின் முன்முகம் தட்டையாக இருக்காது, உள்ளே குழிந்திருக்கும். அந்தக் குழியும் சிறியது. நீங்கள் துணியை வைத்துத் துடைக்கும்போது சுற்றியுள்ள உலோக விளிம்புதான் பளபளப்பாகிறது. எண்ணெய் குழிக்குள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. உலகத்திலேயே விலை உயர்ந்த துணியைக் கொண்டுவந்தாலும் இதே கதைதான்.

முதலில் நான் சொல்வது சரியா என்று நீங்களே பாருங்கள். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ் ஒன்றைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். வழக்கமாகக் கண் வைக்கும் முனையை 40-இன் முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய், மறுமுனை வழியாகப் பாருங்கள். நல்ல உருப்பெருக்கி அது, காசு செலவில்லாதது. விளக்கு வெளிச்சம் லென்ஸில் பட்டுத் திரும்பும்படி சாய்த்தால் எண்ணெய்த் திட்டு வானவில் நிறத்தில் தெரியும்.

இனி துணி. பாலியெஸ்டர் துடைப்புத் துணி நீண்ட, அறுபடாத இழையால் பின்னப்படுவது. அது பிசிறு விடாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதன் ஓரம். நல்ல துணியில் நான்கு ஓரத்தையும் லேசராலோ மீயொலியாலோ உருக்கி மூடியிருப்பார்கள். நீங்கள் கத்தரிக்கோல் வைத்தீர்களே, அந்த இடத்தில் ஓரம் திறந்துகொண்டது. நீங்கள் பார்த்த நூல் துகள்கள் அங்கிருந்து வந்தவை. வெட்டாமல் மடித்துப் பயன்படுத்துங்கள். நான்காக மடித்தால் பக்கம் மாற்றி மாற்றிப் புதிய இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் லென்ஸ் முகத்துக்கு நான் இன்றும் லென்ஸ் பேப்பரைத்தான் தொடுவேன். கிம்வைப்ஸ் போன்ற ஆய்வகத் தாள்கள் மரக்கூழில் செய்தவை. பிசிறு குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்லைடு துடைக்க, மேடை துடைக்க அருமையானவை. முகம் துடைக்கும் டிஷ்யூவைக் கிட்டவே சேர்க்காதீர்கள். மென்மைக்காகவும் மணத்துக்காகவும் அதில் ஏதேதோ சேர்த்திருப்பார்கள், அதெல்லாம் லென்ஸுக்குப் போகும்.

துடைப்பதற்கு முன் ஊதுங்கள். வாயால் அல்ல, ரப்பர் பந்தால். உங்கள் ஊரில் இது மிக முக்கியம். காற்றில் உப்பும் மணலும் பறக்கிற இடம். மணல் என்பது குவார்ட்ஸ். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் 7. கண்ணாடி ஐந்தரை அளவில் நிற்கிறது. லென்ஸ் மேல் பூசியிருக்கும் மக்னீசியம் ஃபுளோரைடு படலமோ, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு கனம். ஒரு மணல் துகளைத் துணிக்கு அடியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கீறலோடு வருகிற லென்ஸ்களில் பாதியைக் கீறியவர்கள் சுத்தத்தில் அக்கறை உள்ளவர்கள்தான்.

எந்தத் திரவம் என்பதை அழுக்குத்தான் முடிவு செய்யும். உப்பு ஆல்கஹாலில் கரையாது. எவ்வளவு தேய்த்தாலும் இடம் மாறுமே தவிரப் போகாது. ரத்தம், சளி, உப்பு எல்லாவற்றுக்கும் முதலில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த தாள். எண்ணெய்க்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருத்துவமனை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மானமும் இருக்கும். உங்களுக்கு நிற்கும் கோடு அதுதான். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் உண்டு, அது இன்னும் மோசம்.

40-இன் குழிக்கு இப்படிச் செய்யுங்கள்: பல் குத்தும் குச்சியின் முனையை ஒடித்து மழுக்கி, லென்ஸ் பேப்பரை அதன் மேல் சுற்றுங்கள். ஆல்கஹாலில் தொட்டு, உதறி, ஈரம் மட்டும் மிஞ்சும்படி வைத்துக்கொண்டு நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாக ஒரு சுற்று. அழுத்தம் கூடாது. தாளை எறிந்துவிட்டுப் புதிது சுற்றி மறுபடியும். எண்ணெய் பழையதாக இருந்தால் நாலைந்து தாள் ஆகும். ஆல்கஹாலை நேரே லென்ஸ் மேல் சொட்டாதீர்கள். விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

சைலீன்: உங்கள் தயக்கம் நியாயமானது. காய்ந்து கெட்டியாகும் தேவதாரு எண்ணெய் இருந்த காலத்தில் அதற்கு வேலை இருந்தது. இப்போதைய செயற்கை எண்ணெய் காய்வதில்லை. லென்ஸை ஒட்டியிருக்கும் பசையைச் சைலீன் இளக்கக்கூடும். ஆவியும் உடம்புக்கு ஆகாது. ஈதரும் ஆல்கஹாலும் 7-க்கு 3 கலந்து துடைப்பது நல்ல முறைதான், கருவி செய்பவர்களே சொல்வதுதான். ஆனால் சளி ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றச் சுடர் காட்டுகிற அறையில், சட்டென்று தீப்பிடிக்கும் ஈதர் பாட்டிலைத் திறப்பது தற்கொலை. வேண்டாம்.

கண்ணாடி நூல்:

அக்கா, நான் நுண்ணோக்கிக்காரன் இல்லை. ஆப்டிகல் ஃபைபர் இணைக்கிறவன். எங்களுக்கும் இதே துடைப்புத் துணிதான், இதே ஆல்கஹால்தான். நாங்கள் ஒளி அனுப்பும் மையத்தின் குறுக்களவு 9 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. அதன் மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் ஒரு தெருவுக்கே இணையம் தடுமாறும்.

திருகாணி ஐயா சொன்னதோடு இரண்டு. துடைக்கப்போகும் இடத்தை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெயை ஆல்கஹால் கரைத்து நேரே கண்ணாடியில் கொண்டுபோய்ப் பூசிவிடும். அப்புறம் "துடைத்தும் போகவில்லை" என்று அதையே திரும்பத் திரும்பத் துடைப்போம். அடுத்தது, ஆல்கஹால் பாட்டிலைத் திறந்து வைக்காதீர்கள். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் கேட்கவே வேண்டாம். பெரிய பாட்டிலை மூடி வைத்து, அன்றைக்கு வேண்டியதைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் எடுத்துக்கொள்ளுங்கள். துணி தொட்ட ஆல்கஹாலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

பழைய மாணவன்:

இவ்வளவு சடங்கு தேவையா? நாங்கள் படித்த காலத்தில் விலங்கியல் ஆய்வகத்தில் துவைத்துத் துவைத்து நைந்த மல் வேட்டித் துண்டுதான். அந்த நுண்ணோக்கிகள் இன்னும் ஓடுகின்றன.

திருகாணி:

ஓடுகின்றன ஐயா, மறுக்கவில்லை. பலமுறை துவைத்த மல் துணியில் உதிர வேண்டிய இழையெல்லாம் உதிர்ந்திருக்கும். கஞ்சி போடாமல், துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவைத்து, மூடிய டப்பாவில் வைத்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வகங்களில் நான் பார்த்த வேட்டித் துண்டு நுண்ணோக்கியின் அடியில் கிடக்கும். மேசையைத் துடைக்கும், கையைத் துடைக்கும், பிறகு லென்ஸைத் துடைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் தாளின் பெருமையே அந்த ஆசைக்கு இடம் கொடுக்காததுதான்.

அம்மாவின் ஆய்வகத்தில் இன்னொரு காரணமும் உண்டு. காசநோய்க் கிருமி உள்ள ஸ்லைடைப் பார்த்த 100 லென்ஸின் எண்ணெயில் கிருமி ஒட்டி வரலாம். அதே துணியால் அடுத்த ஸ்லைடுக்கு முன் துடைத்தால், நோய் இல்லாதவருக்கு நோய் இருப்பதாக எழுத நேரும். ஒவ்வொரு முறையும் புதிய தாள்.

லேப் அக்கா:

இருவருக்கும் நன்றி. ஐபீஸைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன். குழிக்குள் எண்ணெய் வளையமாக நின்றது, நீங்கள் சொன்ன அதே வானவில் நிறத்தில். குச்சியில் தாள் சுற்றித் துடைத்தபின் சிறுநீர் ஸ்லைடில் செல்லின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது. நூல் துகளும் இல்லை. ஆனால் ஐபீஸ் வழியாகப் பார்க்கும்போது ஒரு கரும்புள்ளி மட்டும் அப்படியே நிற்கிறது; ஸ்லைடை நகர்த்தினாலும் நகரவில்லை. வெட்டி வைத்த துணிகளையும் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

திருகாணி:

பார்த்துக்கொண்டே ஐபீஸை விரலால் சுழற்றுங்கள். புள்ளியும் சுழன்றால் அது ஐபீஸில் இருக்கிறது. மேல் முகத்தை ஊதித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். உங்கள் இமை மை கூட இருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். சுழலாமல் நின்றால் அப்ஜெக்டிவை மாற்றிப் பாருங்கள். எல்லா லென்ஸிலும் அதே இடத்தில் நின்றால் உள்ளே பட்டகத்திலோ விளக்கின் பக்கமோ இருக்கிறது. விளக்குப் பக்கக் கண்ணாடியை நீங்களே துடைக்கலாம். பட்டகத்தைத் திறக்காதீர்கள்; பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். வலை போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, அதற்கும் அவர்தான். அதுவரை இரவில் கருவியைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரம் குடித்து நிறம் மாறிய ஜெல்லை வறுத்து மீண்டும் போடலாம்.

வெட்டிய துணியை எறிய வேண்டாம். மேடை, கைப்பிடி, எண்ணெய் வழிந்த கண்டென்சரின் உலோகப் பகுதி, இவற்றுக்கு அது தாராளம். டப்பாவின் மேல் 'லென்ஸுக்கு அல்ல' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், அந்தப் பெரியவர் கண்ணில் படுகிற மாதிரி.