வெள்ள மட்டக் கோடு, களிமண் வரைபடம், கூத்து: படுவான்கரையில் செய்ய யோசனை தேவை

படுவான் பெடியன்:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற எங்கட ஊரில் இளைஞர் கழகமும் கூத்துக் கழகமும் சேர்ந்து வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தையும் வைத்து ஒரு கலை வேலை செய்யப் போகுது. ஆவணியில் தொடங்கி ஐப்பசி மழைக்கு முதல் முடிக்க வேணும். 1957, 2011 வெள்ளம் ஏறின மட்டத்தைச் சுவர்களில் கோடாகக் காட்டுவது, ஊரைக் களிமண்ணில் செய்து தண்ணீர் விட்டுப் பார்ப்பது, கடைசியில் ஒரு மணித்தியாலக் கூத்து. கோட்டைப் பிழையில்லாமல் எப்படி எடுக்கிறது? பெயின்ற் ஒரு மாரியிலேயே உரியுது, அதுக்கு என்ன வழி? கூத்தை "மரம் நடுவோம்" என்று முடிக்க விருப்பமில்லை.

வட்டவிதானை:
தம்பி, "இடுப்பளவு தண்ணி" என்று சொல்வதை வைத்துக் கோடு போடாதீங்க. இடுப்பு ஆளுக்கு ஆள் வேறு. பொருளைக் கேளுங்க: எத்தனையாவது படி மூடினது, யன்னல் கட்டைக்கு மேலா கீழா, அடுக்கின நெல் மூட்டையில் எந்த அடுக்கு வரை நனைஞ்சது. ஒரே வளவுக்கு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்க. அரை அடிக்குள் ஒத்துவந்தால் நடுவை எடுக்கலாம், கூடினால் அந்த இடத்தை விடுங்க. 1957 மார்கழி வெள்ளத்துக்கு இன்றைய வீடுகள் உதவாது, வளவெல்லாம் மண் போட்டு உயர்த்தியாச்சு. கோயில் தூண், பழைய கிணற்றுக் கட்டு, பழைய பள்ளிக்கூடப் படி, இவைதான் சாட்சி.

ஒரு இடத்து மட்டத்தை அடுத்த சுவருக்குக் கொண்டுபோக அரை அங்குலத் தெளிவான பிளாஸ்ரிக் குழாய் 10 மீற்றர் போதும். தண்ணீர் நிரப்பி, குமிழி ஒன்றும் உள்ளே நிற்காமல் தட்டி எடுங்க. குமிழி நின்றால் மட்டம் பொய். தரையிலிருந்து அளக்கவே வேண்டாம். வீதியைத் தாண்டியும் மட்டத்தைக் கொண்டுபோகாதீங்க: ஓடுகிற வெள்ளம் வீதிக் கட்டுக்கு மேற்பக்கம் உயர்ந்தும் கீழ்ப்பக்கம் தாழ்ந்தும் நிற்கும். இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுத்து அந்த வித்தியாசத்தையே ஊருக்குக் காட்டுங்க. மதகு தண்ணீருக்குக் காணாது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாட்டும் சொல்லாது.

பெயின்றை விட்டு, சாந்தில் உளியால் கால் அங்குலம் வெட்டி, சிவப்புச் சாயத்தூள் கலந்த சீமெந்தை நிரப்புங்க. தூள் சீமெந்தின் நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பிடிக்காது, உதிரும். நிரப்புமுன் வெட்டின இடத்தை நனைச்சு, பூசின பிறகு மூன்று நாள் ஈரச் சாக்குப் போடுங்க. வீட்டுக்காரரின் சம்மதம் முதலில்.

களிமண் கை:
ஊர் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் என்று வைத்தால், 250இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 6 மீற்றருக்கு 4 மீற்றர் வரும். கோயில் முன்றலில் கொள்ளும். உயரத்தை மட்டும் அப்படிச் சுருக்கக்கூடாது. ஒரு மீற்றர் மேடு வெறும் 4 மில்லிமீற்றர் ஆகிவிடும், கண்ணுக்கே தெரியாது. ஒரு மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் கொடுங்க, உயரத்தைக் கூட்டியிருக்கு என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லியும் விடுங்க.

அடியில் தடித்த பொலித்தீன், சுற்றிவர மண்மூட்டை அணை. களி மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு, நறுக்கின வைக்கோல் இரண்டு கை, மூன்று அங்குலக் கனம். எல்லாமாக ஒரு கியூப் (100 கன அடி) மண் போதும். தனிக் களி வெடிக்கும், மணல் கூடினால் தண்ணீரில் கரையும். வெயிலில் காயவிடாதீங்க, கிடுகுக்குக் கீழே ஐந்து நாள்.

தண்ணீர் கணக்கு: முழுப் பரப்பிலும் 1 சென்ரிமீற்றர் உயர 240 லீற்றர் வேணும். தாழ்ந்த இடம்தான் முதலில் நிரம்பும் என்பதால் பவுசர் ஒன்று தாராளம். வாளியால் ஊற்றினால் களி அரிக்கும், குழாய் முனையில் சாக்குக் கட்டுங்க.

வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்கு ஒரு சின்னப் பலகைக் கதவு, அதுக்கு வெளியே கடலாக ஒரு தொட்டி. முதலில் கதவை மூடி வெள்ளம் விடுங்க, மறுகா திறந்து வடிய எத்தனை நிமிடம் என்று எண்ணுங்க. பிறகு கடல் தொட்டியை 2 சென்ரிமீற்றர் உயர்த்தி அதே வேலையைத் திரும்பச் செய்யுங்க. உலகக் கடல் மட்டம் 1901இலிருந்து 2018 வரை ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கு, உங்கட அளவில் அது 2 சென்ரிமீற்றர். வாவி வடிகிற வேகம் குறைவதைச் சிறுபிள்ளையும் கண்ணால் காணும். அத்தோடு வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும். இரண்டாம் தடவை தண்ணீரையும் அந்தளவு கூட்டி விடுங்க.

மத்தளச் செவி:
கூத்துக்குக் கரு உங்கட வாவியிலேயே கிடக்கு. முகத்துவாரத்தை மூடிக் கிடக்கிற மணல் திட்டை எப்ப வெட்டுறது? வட்டையில் (வயல்வெளியில்) தண்ணீர் நின்றால் பயிர் அழுகும், வயல்காரருக்கு வேளைக்கே வெட்ட வேணும். வேளைக்கு வெட்டினால் வாவி வற்றி இறாலும் மீனும் கடலுக்குப் போகும் என்பது மீன்பிடிகாரரின் கவலை. இரண்டும் நியாயம். இரண்டு தரப்புக்கும் வரவுப் பாட்டுக் கொடுத்து அரசனின் கொலுவுக்குக் கொண்டுவாங்க, தர்க்கம் நடக்கட்டும். அரசன் தீர்ப்புச் சொல்லாமல் களரியைச் சுற்றியிருக்கிற சனத்தைக் கேட்கட்டும். வட்டக்களரிக்கு இது பொருந்தும், ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் எடுபடாது.

எட்டுப் பேருக்கு 20 அடி வட்டம் போதும். வெள்ள அளவுகளைத் தருவில் (கூத்துப் பாட்டில்) போட்டால் தாளத்துக்குள் விழுங்குப்படும், கட்டியகாரன் (கூத்தில் அறிவிக்கிறவன்) வசனமாகச் சொல்லட்டும். புதுப் பாட்டைக் கொப்பியில் எழுதுமுன் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மெட்டைத் தரட்டும், எழுதின பிறகு மெட்டுத் தேடினால் சொல் ஆட்டத்தோடு முட்டும். பறையறைவோன் பாத்திரத்தை அறிவித்தலுக்கு வைப்பதானால் ஊரில் எந்தச் சமூகத்தவரும் ஆடலாம் என்று முதலிலேயே பேசி முடிவெடுங்க. ஆள் அமிழ்கிற காட்சி வேண்டவே வேண்டாம். 2004 சுனாமியைப் பார்த்தவர்கள் முன்வரிசையில் இருப்பாங்க. ஈரக்காற்றில் மத்தளத் தோல் தொய்யும், அரங்கேற்றத்தைப் புரட்டாசிக்குள் வைங்க.

படுவான் பெடியன்:
நன்றி. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறக்கிற அறிவித்தலை இதுக்குள் எப்படிச் சேர்ப்பது?

வட்டவிதானை:
அறிவித்தல் கதவு எத்தனை அங்குலம் திறந்தது என்று சொல்லும், உங்கட முற்றத்துக்கு அது எவ்வளவு என்று சொல்லாது. கோடு வெட்டின ஒரு சுவரில் கரும்பலகை அளவுக்கு இடம் விட்டு நாலு நிரல் கீறுங்க: திறந்த நேரம், அங்குலம், ஊர் மதகைத் தண்ணீர் தொட்ட நேரம், கோட்டுக்கு எவ்வளவு கீழே நின்றது. மாரி முழுக்க ஒராள் பொறுப்பாக எழுத வேணும். மழை படாத பக்கச் சுவரைத் தெரிவு செய்யுங்க, சோக் அழிஞ்சிடும்.