காம்போ ஆம்புக்குக் கூடுதல் கேப் வாங்கிய கதை: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் குழு பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறது. என்னுடையது 12 அங்குல பேஸ் காம்போ, அதாவது பேஸ் கிட்டாருக்கான ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். தவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் என் பேஸ் எனக்கே கேட்காது. சரி, கீழே ஒரு கேப் (ஸ்பீக்கர் மட்டும் உள்ள பெட்டி) வைப்போம் என்று செகண்ட்ஹேண்டில் ஒன்று பிடித்தேன். நான்கு 10 அங்குல ஸ்பீக்கர், மின்தடை 4 ஓம். வீட்டில் போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குப் பரம சந்தோஷம், அம்மாவுக்குத்தான் இல்லை.

மண்டபத்தில் மூன்றாவது பாட்டு வரை ஜோர். அப்புறம் பேஸ் பொட்டென்று நின்றது. ஆம்பைத் தொட்டால் தோசைக்கல். பத்து நிமிடம் ஆறவிட்டால் இரண்டு பாட்டு தாங்கும், திரும்பவும் ஊமை. கடைசியில் கேபைக் கழற்றிவிட்டு, காம்போவை மட்டும் வைத்துச் சமாளித்தேன்.

மறுவாரம் ஜாலான் பாசாரில் ரிப்பேர் செய்யும் அங்கிள் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஆம்பைத் திறக்கவே இல்லை. பின்பக்கம் திருப்பி, சாக்கெட் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்: குறைந்தது 4 ஓம். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம், கேப் 4 ஓம், இரண்டும் பேரலல், அதாவது கரண்ட் பிரிந்து இரண்டு வழியாகவும் போகும். கணக்குப் போட்டால் 2.67. "டோல்ல இன்னொரு லேன் திறந்தா கார் அதிகமாப் போகும்ல தம்பி, கரண்டும் அப்படித்தான். ஆம்ப் தாங்கணும்ல?" என்றார். 8-க்கு 8 சேர்த்தால் சரியாக 4 வந்துவிடும். ஸ்டிக்கர் உரிந்த கேப் என்றால் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார். 8 ஓம் கேப் மீட்டரில் 6 சொச்சம்தான் காட்டும், 4 ஓம் என்றால் 3 சொச்சம்.

இப்போது இருப்பது 8 ஓம், ஒற்றை 12 அங்குல கேப். கேப் சேர்ந்ததும் ஆம்பின் 300 வாட்ஸ் 500 ஆனதில் பெரிதாக ஒன்றும் இல்லை; வாட்ஸ் இரட்டித்தாலே 3 டெசிபல்தான் கூடும். கேப் மேல் ஏறிய காம்போ காதுக்குப் பக்கத்தில் வந்ததே, அதுதான் லாபம்.

*

அண்ணே, நான் பினாங்கு. எனக்கு ஓமில் அடி விழவில்லை, கேபிளில் விழுந்தது. ஜார்ஜ்டவுனில் திறந்தவெளி மேடை, அவசரத்துக்கு கிட்டார் கேபிளை கேபுக்குச் செருகிவிட்டேன். உள்ளே கம்பி மெல்லிசு. அரை மணி நேரத்தில் பிளக் பக்கம் கொதித்தது. அன்றிலிருந்து தடிமனான ஸ்பீக்கர் கேபிள், திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் பிளக்தான். இன்னொன்று: வெளியில் சுவர் இல்லாததால் பேஸ் கரைந்து போகும். மண்டபத்தில் கேட்டதை நம்பி கேப் வாங்காதீர்கள்.

*

நானும் கோலாலம்பூர்தான். ஐந்து கம்பி பேஸ் வாசிக்கிறேன், கீழ் பி கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். 15 அங்குலம் இருந்தால்தான் அது கேட்கும் என்று பலர் சொல்ல, நம்பி வாங்கினேன். அங்குலத்தை விட பெட்டியின் வடிவமைப்புதான் முக்கியம் என்று பிறகுதான் புரிந்தது. என் இரட்டை 10 அங்குல கேப் அதை விடத் தெளிவாகப் பேசுகிறது. அந்த 15 இப்போது மூன்றாம் மாடி வீட்டில் டிவி ஸ்டாண்டாக இருக்கிறது, லிஃப்ட் இல்லை. யாருக்காவது வேண்டுமா? 8 ஓம்தான், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். மைவி காரில் பின்சீட்டை மடக்கினால் ஏறும்.