சிற்றினம் இயற்கையில் உள்ளதா, நாம் வகுத்ததா?

கேள்வி: தமக்குள் இனக்கலப்பு செய்யக்கூடிய, பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க வழியில் தனித்து நிற்கும் உயிர்க்கூட்டமே சிற்றினம் (species) என்று உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் 1942இல் வரையறுத்துவிட்டாரே, இதில் மெய்யியலுக்கு என்ன வேலை?

பதில் 1: அவ்வரையறை பாலிலா முறையில் பெருகும் உயிரிகளுக்குப் பொருந்தாது, புதைபடிவங்களில் சோதிக்கவும் இயலாது. கலிபோர்னியாவின் மையப் பள்ளத்தாக்கைச் சுற்றி வளையமாகப் பரவியுள்ள என்சாடினா சாலமாண்டர்களில் (பல்லி போன்ற உருவமுடைய நீர்நில வாழ்விகள்) அண்டைக் கூட்டங்கள் கலக்கின்றன. ஆனால் வளையத்தின் இரு முனைகளும் தெற்கே சந்திக்கும்போது பெரும்பாலும் கலப்பதில்லை. இங்கே சிற்றினங்களைப் பிரிக்கும் எல்லைக்கோடு எங்கே?

பதில் 2: எல்லைக்கோட்டுச் சிக்கலைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 79 புரோட்டான்கள் கொண்ட அணு அண்டத்தில் எங்கிருந்தாலும் தங்கம்தான். ஆனால் புலியை அப்படியே ஒத்த விலங்கு வேறொரு கோளில் தனியே தோன்றினால், புலியின் மரபுவழியில் வராததால் அது புலியாகாது. ஆகவே சிற்றினம் தங்கத்தைப் போலப் பண்புகளால் வரையறுக்கப்படும் ஒரு வகை அன்று, பிறந்து, கிளைத்து, அழியும் ஒரு வரலாற்றுத் தனியன் (தனியொரு பொருள், individual) என்று உயிரியலாளர் மைக்கேல் கிசெலின் 1974இல் வாதிட்டார். மெய்யியலாளர் டேவிட் ஹல் அதை விரித்தார். எனக்கு இதுவே டார்வினுக்கு மிக நெருக்கமான நிலைப்பாடாகத் தோன்றுகிறது.

பதில் 3: ஏற்கலாம், ஆனால் இனக்கலப்பே இல்லாத உயிரிகளில் அந்தத் தனியனை ஒன்றாகப் பிணைப்பது எது என்பதையும் விளக்க வேண்டும், பொது மூதாதை மட்டும் போதுமென்றால், சிற்றினத்துக்கு மேற்பட்ட பிரிவுகளான பேரினமும் குடும்பமும்கூடத் தனியன்களே ஆகிவிடும்.