மான் சீரத்தில் ஆட்டுக்கொல்லி எலிசா பாசிட்டிவ்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: ஊநீர்_குப்பி

காட்டோரம் மேயும் வெள்ளாடுகளின் 180 சீரமும் அதே காட்டு மான்களின் 40 சீரமும் ஆட்டுக்கொல்லி நோய்க்கான போட்டி எலிசாவில் (நோய்க்கான எதிர்ப்பொருள் சீரத்தில் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் சோதனை) ஓட்டியாயிற்று. மானில் 3 பாசிட்டிவ், 2 சந்தேகம். கிட்டோடு வந்த தாளில் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும்தான் கட்-ஆஃப் (பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் எல்லை) இருக்கிறது. மான் மாதிரிகளில் 11 ரத்த அணு உடைந்து சிவந்தவை, அவற்றில் சில இறந்த விலங்கின் இதய ரத்தம். 6 மாதிரிகள் காகிதப் பட்டையில் உலர்த்தி வந்தவை. இந்த முடிவை வைத்து "மான்களில் வைரஸ் பரவியிருக்கிறது" என்று எழுதலாமா? வேறு எந்தச் சோதனையில் சரிபார்க்க வேண்டும்?

பதில் 1: தட்டும்_பைப்பெட்டும்

போட்டி எலிசாவை எடுத்தது சரி. தட்டில் பூசிய வைரஸ் புரதத்தைப் பிடிக்க சீரத்தில் உள்ள எதிர்ப்பொருளும் கிட்டோடு வரும், ஆய்வகத்தில் தயாரித்த மோனோகுளோனல் எதிர்ப்பொருளும் போட்டி போடுகின்றன. சாயம் மோனோகுளோனலின் பக்கம் இருப்பதால் சீரம் எந்த விலங்குடையது என்ற கவலை இல்லை.

வம்பும் அங்கேதான். இதில் நிறம் குறைந்தால் பாசிட்டிவ். எதிர்ப்பொருளே இல்லாமல், பாக்டீரியா வளர்ந்த சீரமோ ரத்த அணு உடைந்த சீரமோ ஒட்டுதலைக் கெடுத்தாலும் நிறம் குறையும். உங்கள் 3 பாசிட்டிவில் எத்தனை அந்த 11-க்குள் வருகிறது? முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு அந்த ஐந்தையும் புதுத் தட்டில் இரட்டைக் குழியில் ஓட்டுங்கள். கிட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தொடங்க வேண்டாம். தட்டு குளிர்ந்திருந்தால் ஓரக் குழிகள் ஒரு மாதிரி, நடுக் குழிகள் ஒரு மாதிரி வரும். இன்குபேட்டரில் தட்டை அடுக்கி வைத்தாலும் அதே கதை. கழுவிய பின் தட்டைத் துணியில் தட்டி ஈரம் போக்காவிட்டால் கன்ஜுகேட் (நிறம் தரும் நொதி ஒட்டிய கரைசல்) மிச்சம் நின்று நிறம் ஏறும். பலவீனமான பாசிட்டிவ் நெகட்டிவாகிவிடும். இரட்டைக் குழிகள் ஒத்துவராவிட்டால் சராசரி எடுக்காதீர்கள், மறுபடி ஓட்டுங்கள்.

பதில் 2: கொட்டில்_டாக்டர்

வெள்ளாட்டுக்கான மறைமுக எலிசா கிட் கையில் இருந்தால் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே? இரண்டிலும் பாசிட்டிவ் என்றால் தைரியமாக எழுதலாம்.

பதில் 3: தட்டும்_பைப்பெட்டும்

வேண்டாம் டாக்டர். மறைமுக எலிசாவில் வெள்ளாட்டின் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைப் பிடிக்கும் கன்ஜுகேட் இருக்கும். மானின் ஐஜிஜியையும் அது ஓரளவு பிடிக்கும், ஆனால் எவ்வளவு என்பது கிட்டுக்குக் கிட் மாறும். வெள்ளாட்டுக்கு வைத்த கட்-ஆஃபில் மான் நெகட்டிவ் என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. மறைமுக முறைதான் வேண்டுமென்றால் புரோட்டீன் ஜி கன்ஜுகேட் போடலாம். அசைபோடும் விலங்குகளின் ஐஜிஜியை அது நன்றாகப் பிடிக்கும். புரோட்டீன் ஏ ஆட்டிலேயே சுமார்தான். காட்டுப் பறவைக்கு இரண்டுமே உதவாது, கோழியின எதிர்ப்பொருளான ஐஜிஒய்யோடு அவை ஒட்டுவதில்லை.

உறுதிப்படுத்த, சீரம் வைரஸை முடக்கிச் செல்லைக் காக்கிறதா என்று பார்க்கும் வைரஸ் நடுநிலையாக்கல் சோதனைதான் வழி. சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, குழிக்கு 100 டிசிஐடி50 (பாதிச் செல் குழிகளைத் தொற்றும் அளவு ஒரு டிசிஐடி50) வைரஸ் சேர்த்து, 37 டிகிரியில் 1 மணி நேரம் வைத்த பிறகு, ஆய்வகத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரகச் செல்களான வீரோ செல்களைப் போட வேண்டும். ஆட்டுக்கொல்லி வைரஸ் மெதுவாகத்தான் செல்லை அழிக்கும், படிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். சீரம் மட்டும் போட்ட, வைரஸ் இல்லாத குழி ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டாயம். கெட்டுப்போன சீரம் தானே செல்லைக் கொன்றுவிடும். அந்தக் குழி இல்லாவிட்டால் அதை வைரஸின் வேலை என்று படித்துவிடுவோம்.

பதில் 4: வனரத்தம்

காகிதப் பட்டை பற்றி யாரும் சொல்லவில்லை. நொபூட்டோ பட்டை என்றால் அது உறிஞ்சுவது ஏறக்குறைய 0.1 மில்லி ரத்தம், அதில் சீரம் சுமார் 40 மைக்ரோலிட்டர். 0.4 மில்லி பிபிஎஸ் உப்புக் கரைசலில் ஊறவைத்து எடுத்தால் கிடைப்பது 10-க்கு 1 நீர்ப்பு. உங்கள் கிட் 25 மைக்ரோலிட்டர் சீரத்தோடு 25 மைக்ரோலிட்டர் பஃபர் கேட்கிறதென்றால் அது 2-க்கு 1. பட்டை மாதிரியை அதே அளவில் போட்டால் 20-க்கு 1 ஆகிவிடும். பஃபர் சேர்க்காமல் ஊறல் நீரையே 50 மைக்ரோலிட்டர் போடுங்கள், அப்போதும் ஐந்து மடங்கு மெலிவுதான். ஆகவே பட்டையில் பாசிட்டிவ் வந்தால் பொருட்படுத்தலாம், அந்த 6-இல் வந்த நெகட்டிவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி எடுக்கும் மாதிரிக்கு: ரத்தத்தைச் சாய்வாக வைத்து உறையவிட்டு, சீரத்தைப் பிரித்த பிறகுதான் உறைநிலைக்குக் கொண்டுபோக வேண்டும். முழு ரத்தத்தை மைனஸ் 20-இல் வைத்தால் அணு உடைந்து சிவக்கத்தான் செய்யும். பிரித்த சீரத்தை 3 சிறு குழாய்களாகப் பங்கிட்டால் ஒவ்வொரு சோதனைக்கும் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியதில்லை. இறந்த விலங்கு கிடைத்தால் சீரத்தோடு நிற்காமல் நிணநீர்க் கணு, மண்ணீரல், நுரையீரல் துண்டும் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆருக்கு எடுங்கள். எதிர்ப்பொருள் எப்போதோ வந்துபோனதைத்தான் சொல்லும்; இப்போது இருக்கும் வைரஸைச் சொல்லாது. நோயின் முதல் வாரத்தில் செத்த விலங்கில் எதிர்ப்பொருள் இன்னும் தோன்றாமலே இருக்கலாம்.

பதில் 5: இரண்டாம்_தசமம்

கணக்கையும் பார்த்துவிடுவோம். மானிலும் சோதனையின் தனித்தன்மை (நோயில்லாததை நெகட்டிவ் என்று சரியாகச் சொல்லும் விகிதம்) 98% என்றே வைத்துக்கொண்டால், நோயே இல்லாத 40 மான்களில் சராசரியாக 0.8 பொய்ப் பாசிட்டிவ் வரும். 3 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வர வாய்ப்பு சுமார் 4.6%. தனித்தன்மை 95% என்றால் சராசரியே 2, அப்போது 3 வருவதில் ஆச்சரியமில்லை. மானில் அது 98-ஆ 95-ஆ என்று கிட் தாள் சொல்லவில்லை. எனவே இப்போதைக்கு "எலிசாவில் எதிர்வினை காட்டியவை 3" என்று எழுதுங்கள், "தொற்று 7.5%" என்று எழுதாதீர்கள்.

ஊநீர்_குப்பி

பார்த்தேன். 3-இல் 2 தெளிந்த சீரம், 1 சிவந்தது. சந்தேகம் இரண்டும் சிவந்தவை. வெள்ளாட்டில் 180-க்கு 112 பாசிட்டிவ், ஆனால் பெரும்பாலானவை தடுப்பூசி போட்டவை.

பதில் 6: கொட்டில்_டாக்டர்

அப்படியென்றால் அந்த 112-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. இப்போது புழக்கத்தில் உள்ள ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி உயிருள்ள வலுக்குறைத்த வைரஸ். ஊசியால் வந்த எதிர்ப்பொருளையும் நோயால் வந்ததையும் இந்த எலிசா பிரிக்காது. கோமாரியில் அப்படிப் பிரித்துக்காட்டும் என்எஸ்பி எலிசா இருப்பதுபோல இதில் வசதி இல்லை. ஊசி எதிர்ப்பொருள் 3 வருடமாவது நிற்கும்.

பல்லைப் பார்த்து, பால்பல் விழாத, 6 மாதம் தாண்டிய, ஊசி போடாத குட்டிகளைத் தனியே பிரியுங்கள். 6 மாதத்துக்குக் கீழ் சீம்பால் எதிர்ப்பொருள் குழப்பும். அந்தக் குட்டிகளில் பாசிட்டிவ் வந்தால் கடந்த சில மாதங்களில் வைரஸ் நடமாடியிருக்கிறது. பெரிய மந்தைத் தொகுப்பில் 5% தொற்று இருந்தால் 95% உறுதியோடு ஒன்றாவது சிக்க 59 குட்டிகள் போதும், 1% என்றால் 299 வேண்டும். தெளிந்த அந்த 2 மான் சீரத்தை நடுநிலையாக்கலுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது நெகட்டிவ் வந்த தெளிந்த சீரம் நாலைந்தையும் அடையாளம் சொல்லாமல் சேர்த்துவிடுங்கள்.