மராண்ட்ஸ் 2245: டயல் பல்பு மாற்றி மாற்றிப் போகிறது, எல்.இ.டி. போட்டுவிடலாமா?

நீலடயல் (கோவை):

வணக்கம். அப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த மராண்ட்ஸ் 2245 (ரேடியோவும் ஆம்பிளிஃபையரும் சேர்ந்த பழைய ஸ்டீரியோ ரிசீவர்) வீட்டில் இருக்கிறது. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. டயலுக்குப் பின்னால் இருக்கும் பல்புகள்தான் தொல்லை. பழையவற்றில் பாதி அணைந்து கிடந்ததால் ஆன்லைனில் ஒருவரிடம் ஒரு செட் வாங்கினேன். கண்ணாடி ஃபியூஸ் மாதிரி இரண்டு பக்கமும் உலோகத் தொப்பி வைத்த பல்பு. மாட்டிய அன்றைக்கு டயல் ஜொலித்தது. சின்ன வயதில்கூட இவ்வளவு வெளிச்சமாகப் பார்த்த ஞாபகம் இல்லை. மாதம் முடிவதற்குள் ஒவ்வொன்றாகப் போய், இப்போது இரண்டுதான் எரிகிறது.

உள்ளூர்க் கடையில் காட்டினால், கார் கேபின் விளக்குக்குப் போடும் 12 வோல்ட் 5 வாட் பல்பை எடுத்துக் கொடுத்து "சைஸ் சரியா உக்காரும், போடுங்க" என்கிறார். யூடியூபில் எல்லோரும் எல்.இ.டி. என்கிறார்கள். அப்பாவுக்கு டயலின் அந்த நீலம் மாறக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

இன்னொன்று: எஃப்.எம். நன்றாகக் கேட்கிறது, ஆனால் ஸ்டீரியோ விளக்கு எரிவதே இல்லை. அதுவும் பல்புதானா? சாலிடரிங் ஓரளவு தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது.

சிம்லிம்வாசி (சிங்கப்பூர்):

எல்.இ.டி.க்கு மாறிவிடுங்கள், தலைவலி தீர்ந்தது. என் பயனியர் ரிசீவரில் போட்டு வருஷக்கணக்காகிறது, ஒன்றுகூடப் போகவில்லை. அந்தப் பழைய பல்பு ஒவ்வொன்றும் 2.4 வாட். ஐந்து எரிந்தால் 12 வாட் சூடு, அதுவும் பிளாஸ்டிக் டயலுக்கு ஒட்டினாற்போல. எதற்கு?

வார்ம் ஒயிட் வாங்குங்கள். கூல் ஒயிட் போட்டால் மராண்ட்ஸ் நீலம் ஊதா அடிக்கும், அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

பழைய சர்வீஸ்காரன் (திருச்சி):

அம்மா, எல்.இ.டி. பேச்சு அப்புறம் இருக்கட்டும். செத்துப்போன பல்பைத் தூக்கி எறிஞ்சிட்டீங்களா? இருந்தா அதோட தொப்பியைப் பூதக்கண்ணாடி வச்சுப் படிங்க. வோல்ட், ஆம்பியர் ரெண்டும் பொடி எழுத்துல அடிச்சிருக்கும்.

எனக்கு ஏன் சந்தேகம்னா, நீங்களே எழுதியிருக்கீங்க, "இவ்வளவு வெளிச்சமா பார்த்ததில்லை"ன்னு. புது பல்பு பழசைவிடக் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கும், நியாயம். ஆனா ஜொலிச்சுதுன்னா அதுக்கு மேல வோல்டேஜ் ஏறுதுன்னு அர்த்தம். இழை பல்போட சுபாவம் அப்படி: வோல்டேஜ் பத்து சதவீதம் கூடினா வெளிச்சம் நாப்பது சதவீதம் கூடும், ஆயுள் மூணுல ஒரு பங்கா இறங்கிடும். ஆயுள் வோல்டேஜோட பன்னிரண்டாம் மடிக்கு எதிரா ஓடும்னு கணக்கு சொல்லுவாங்க. கொஞ்சம் கூட்டினாலே சாவு, கொஞ்சம் குறைச்சா தீர்க்காயுசு.

இந்த செட்டுக்கு வேண்டியது 8 வோல்ட், 250லேர்ந்து 300 மில்லியாம்பியர். அதே நீளம், அதே தடிமன்ல 6.3 வோல்ட் பல்பும் மார்க்கெட்ல இருக்கு, வேற கம்பெனி செட்டுகளுக்குப் போடறது. ரெண்டும் ஒரே கிளிப்புல உக்காரும். விக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, இல்ல தெரிஞ்சும் அனுப்புவான்.

கார் பல்பு வேண்டவே வேண்டாம். முதல்ல அதோட முனை கூம்பு, இந்தக் கிளிப்புல பிடிப்பா நிக்காது. ரெண்டாவது, 12 வோல்ட் பல்புக்கு 8 வோல்ட் கொடுத்தா அதோட வெளிச்சத்துல கால்வாசிதான் வரும், அதுவும் சிவந்து போய். அந்த செவப்பு நீல வடிகட்டிக்குள்ள போனா வெளிய என்ன வரும்? அழுக்குப் பச்சை. சூடு மட்டும் பழைய பல்பு அளவுக்குக் கொடுக்கும்.

இப்ப ரெண்டு அளவு எடுத்துச் சொல்லுங்க. சுவர்ல எத்தனை வோல்ட் வருது. பின்பக்கத்துலயோ உள்ளயோ வோல்டேஜ் மாத்தற பிளக் எதுல நிக்குது. முடிஞ்சா பல்பு கிளிப்புல ஏ.சி. ரேஞ்சுல பாருங்க. ஆனா எல்லா பல்பையும் கழட்டிட்டு அளக்காதீங்க. சுமை இல்லேன்னா டிரான்ஸ்பார்மர் கூடக் காட்டும். இருக்கற பல்பு எரியும்போதே அளங்க.

மூடியைக் கழட்டினா கவனம். ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் பிளக் சுவர்ல இருக்கற வரைக்கும் பவர் ஸ்விட்ச் முனையில முழு கரண்ட் நிக்கும், அது முன்பலகையிலேயே இருக்கு. பல்பு மாத்தறப்ப பிளக்கையே பிடுங்கி வெளிய வைங்க. டயல் முள்ளை இழுக்கற நூல்ல விரல் படக்கூடாது. அது புல்லியிலேர்ந்து (குட்டிக் கப்பி) நழுவினா திரும்பச் சுத்தறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும்.

சிம்லிம்வாசி அய்யா, உங்க எல்.இ.டி.க்கு உள்ளயே பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏ.சி.யை டி.சி. ஆக்கறது) இருக்கா? இவங்க கிளிப்புல வர்றது ஏ.சி. வெறும் எல்.இ.டி. போட்டா வினாடிக்கு 50 தடவை அணைஞ்சு எரியும். சில மலிவு சரக்குல குட்டி ஸ்விட்சிங் சர்க்யூட் வேற வச்சிருப்பான், அது மீடியம் வேவ் முழுக்க இரைச்சலைக் கிளப்பும். ரேடியோவுக்குள்ளயே ரேடியோ எதிரி.

சிம்லிம்வாசி (சிங்கப்பூர்):

பிரிட்ஜும் சின்ன கெபாசிட்டரும் இருக்கிறது அண்ணே, பார்த்துத்தான் வாங்கினேன். மீடியம் வேவ் நான் கேட்பதில்லை, அது உண்மை. ஆனால் 12 வாட் சூட்டுக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

பழைய சர்வீஸ்காரன் (திருச்சி):

சூடு நிஜம். டயலுக்கும் பல்புக்கும் நடுவுல இருக்கற தாள் பழுப்பாகிறதே அதனாலதான். ஆனா அந்தத் தாள் மாத்தக்கூடியது. செட்டோட குணம் மாறினா திரும்ப வராது.

நீலடயல் (கோவை):

சர்வீஸ்காரர் ஐயா, தொப்பியில் 6.3 வோல்ட் 0.25 ஆம்பியர் என்றுதான் இருக்கிறது! விற்பனைப் பக்கத்தில் 8 வோல்ட் என்றே போட்டிருந்தது.

சுவரில் 241 வோல்ட். செட்டின் பிளக் 220-இல் நிற்கிறது. இரண்டு பல்பு எரியும்போது கிளிப்பில் 8.8. இரண்டு பழைய ஒரிஜினல் பல்புகளையும் டப்பாவில் கண்டுபிடித்தேன். மீட்டரில் 2, 3 ஓம் காட்டுகிறது. ஷார்ட் ஆகிவிட்டதா? தூக்கிப் போடலாமா?

பழைய சர்வீஸ்காரன் (திருச்சி):

தூக்கிப் போடாதீங்கம்மா! அது நல்ல பல்பு. எரியும்போதுதான் 27 ஓம், குளிர்ந்த இழை அதுல பத்துல ஒண்ணுதான் காட்டும். கெட்ட பல்புன்னா மீட்டர் அசையவே அசையாது. அந்த ரெண்டும் கிளிப்பு துருப்பிடிச்சு எரியாம இருந்திருக்கும், நீங்க பல்பு போச்சுன்னு கழட்டியிருப்பீங்க. கிளிப்பை மெல்லிசான எமரித்தாளால தேய்ச்சு, ஐசோப்ரொப்பைல்ல துடைச்சு, லேசா அழுத்தி நெருக்கிவிடுங்க.

இப்ப கணக்கைப் பாருங்க. 6.3 வோல்ட் பல்புல 8.8. வெளிச்சம் மூணு மடங்கு, ஆயுள் அம்பதுல ஒரு பங்குக்கும் கீழ. ஒரு மாசம் தாக்குப் பிடிச்சதே அந்த பல்போட பெருந்தன்மை.

8 வோல்ட் பல்பே போட்டிருந்தாலும் 8.8ல மூணுல ஒரு பங்கு ஆயுள்தான். அதனால பல்பு வாங்கறதுக்கு முன்னாடி பிளக்கை 240க்கு மாத்துங்க, சுவர் இணைப்பைப் பிடுங்கிட்டு. 110 பக்கம் தவறிக்கூடப் போயிடாதீங்க. மாத்தினா கிளிப்புல 8க்குக் கிட்ட வந்து நிக்கும். அதைவிடப் பெரிய லாபம், உள்ள இருக்கற டிரான்சிஸ்டர், மெயின் கெபாசிட்டர் எல்லாத்துக்கும் பத்து சதவீதம் கூடுதலா போயிட்டிருந்தது குறையும். பல்பு செத்தது நல்லதாப் போச்சு, இல்லேன்னா இதை யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

240 இல்லாத செட்டு வச்சிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா: ஐந்து பல்பு சேர்ந்து 1.5 ஆம்பியர், அந்த லைன்ல 0.68 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு தொடர்ல போட்டா ஒரு வோல்ட் இறங்கும். ரெசிஸ்டர் சூடாகும், வயர் இன்சுலேஷன் மேல படாம உயர்த்திக் கட்டுங்க.

ஸ்டீரியோ விளக்கு வேற கதை. அது டயல் பல்பு லைன்ல இல்ல. ஸ்டீரியோ ஒலிபரப்போட சேர்ந்து வர்ற 19 கிலோஹெர்ட்ஸ் அடையாள சிக்னல் (பைலட்) வந்தாத்தான், இடது வலது ஒலியைப் பிரிக்கற டீகோடர் அதை எரிய விடும். அதனால முதல்ல அந்த பல்போட ரெண்டு முனையிலயும் ஓம் பாருங்க. பல்பு நல்லா இருந்தா, ஸ்டேஷன் ஸ்டீரியோவுலதான் வருதா, பலமா வருதா, மோனோ ஸ்விட்ச் அமுங்கியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் டீகோடரைத் தொடுங்க.

சிம்லிம்வாசி (சிங்கப்பூர்):

ஸ்டீரியோ விளக்குக்கு எல்.இ.டி. போட நினைத்தால் நேராகப் போட்டுவிடாதீர்கள். இழை பல்பே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், எல்.இ.டி. கட்டுப்படுத்தாது. 12 வோல்ட் வந்தால் 1 கிலோ ஓம் தொடரில், திசை பார்த்து. இதில் மட்டுமாவது அண்ணன் என்னோடு சண்டைக்கு வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

பழைய சர்வீஸ்காரன் (திருச்சி):

வரமாட்டேன். அந்த விளக்குக்கு சூடும் இல்ல, நிறமும் பெரிசா தெரியாது. போடட்டும்.

நீலடயல் (கோவை):

240க்கு மாற்றிவிட்டேன், கிளிப்பில் 8.1. பழைய இரண்டு பல்பும் எரிகின்றன! மீதிக்கு 8 வோல்ட் 0.3 ஆம்பியர் ஆர்டர் போடுகிறேன், தொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி. ஸ்டீரியோ பல்பு மீட்டரில் அசையவில்லை, அதுதான் போயிருக்கிறது. உள்ளே அந்தத் தாள் காபி நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்கு என்ன வாங்குவது?

பழைய சர்வீஸ்காரன் (திருச்சி):

டிராயிங் சாமான் விக்கிற ஸ்டேஷனரியில டிரேசிங் பேப்பர் கேளுங்க, 90 ஜி.எஸ்.எம். பழைய தாளையே அச்சா வச்சு வெட்டுங்க. கோந்து வேண்டாம், சூட்டுல உருகி வழியும். பழைய மடிப்புலயே செருகினா நிக்கும். ஒரு தாள் போட்டு இருட்டுல பாருங்க. பல்பு பொட்டுப் பொட்டா தெரிஞ்சா ரெண்டாவது தாள் வைங்க.